ஆனையிறவு தாண்டாத போல்ட்

அந்த அழைப்பு எப்போதும் காலையில்தான் வரும். களஞ்சிய வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, கைப்பையை எடுக்கும் சிறு இடைவெளியில் போன் அதிரும். எடுத்தால் முதலில் ஓர் இருமல். பிறகு, வீட்டில் யாரோ சுகமில்லாமல் படுத்திருப்பதைச் சொல்வது போன்ற தணிந்த குரல்.

"தங்கச்சி, வண்டி ஒரு மாதிரிக் கிடக்கு."

"என்ன மாதிரி, அண்ணை?"

"சொல்லத் தெரியேல்லை. அடியிலை ஒரு சத்தம் கேக்குது. பாரம் ஏத்தினால் வழியிலை விட்டிடும் போலை கிடக்கு."

அந்த லொறிச் சாரதியின் முறைப்பாடுகளை நான் மனதுக்குள் ஐந்து வகையாகப் பிரித்திருந்தேன். சத்தம், நடுக்கம், மணம், சூடு, இழுவை. கருவி வைத்து அளக்கக் கூடிய எதையும் அவர் சொல்லமாட்டார். வண்டி நிற்கும்போது அந்தக் குறை தெரியாது. ஓடும்போது மட்டும், அதுவும் அவர் ஓட்டும்போது மட்டும் தெரியும். மெதுவாக ஓடினால் வராது, வெறும் வண்டியில் வராது, பக்கத்தில் நான் ஏறி உட்கார்ந்தால் வரவே வராது. "உங்களைக் கண்டால் அதுக்கும் பயம் போலை, தங்கச்சி" என்று சொல்லிச் சிரிப்பார். மூட்டை ஏற்றுகிறவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, வண்டிக்கு அடியில் மறுபடி படுப்பேன்.

நான் வேலை பார்ப்பது சுன்னாகம் சந்தைக்கு அருகே ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வெங்காயமும் பீற்றூட்டும் கத்தரிக்காயும் இங்கே வந்து சேரும். இங்கிருந்து லொறிகளில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும். எந்த லொறி எப்போது போகிறது, யார் ஓட்டுகிறார், எது பழுது, எதை எப்போது திருத்துவது என்பதெல்லாம் என் பொறுப்பு. வாகனத் தொழில்நுட்பம் படித்தவள், பாரவண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரமும் வைத்திருக்கிறேன் என்பதற்காக முதலாளி என்னை எடுத்தார். எடுத்த பிறகு அடிக்கடி தாமே அதிசயப்பட்டுக்கொள்வார். அந்தச் சாரதியின் லொறி நின்ற ஒவ்வொரு நாளும் என் மேசைக்கு வந்து, வாடிப்போன ஒரு கத்தரிக்காயை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "பிள்ளை, உமக்குச் சமாளிக்க ஏலாட்டிச் சொல்லும், ஒரு ஆம்பிளையைப் போடுறன்" என்பார். கோபமாகச் சொன்னால் பதில் சொல்லியிருப்பேன். அவர் அன்பாகச் சொல்வார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்தச் சாரதி என்னிடம் கேட்டது, எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதுதான். "மிஸ் எந்த ஊர்?" உடுவில் என்றேன். "உடுவிலிலை ஆற்றை பிள்ளை?" அப்பாவின் பெயரைச் சொல்லாமல், நான் போன் வந்ததுபோல எழுந்து வெளியே போய்விட்டேன். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவரைத் தெரியும். அவருடைய முகத்தைவிட அவருடைய ஒரு வசனத்தை நன்றாகத் தெரியும்.

என் அப்பா லொறி மெக்கானிக். சொந்தக் கராஜ் கிடையாது. சுன்னாகத்தில் ஒருவருடைய கராஜில் வேலை செய்தார். எங்கள் பக்கத்து லொறி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைத் திருத்தி முடித்ததும் சொந்தக்காரர் வண்டியைப் பார்க்கமாட்டார், சாரதியைப் பார்ப்பார். சாரதி ஏறி, ஒரு சுற்று ஓடிவந்து, இறங்கித் தலையாட்டினால் அது நல்ல வேலை. புதிதாக ஒரு மெக்கானிக்கைச் சேர்ப்பதென்றாலும் யாராவது ஒரு சாரதி வந்து, "நான் சொல்லுறன், நல்ல கை" என்று சொல்ல வேண்டும். சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மெக்கானிக்கின் பெயர் சாரதிமாரின் வாயில் இருக்கிறது. அவர்கள் அதை வைத்திருக்கவும் செய்வார்கள், துப்பவும் செய்வார்கள்.

எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது அது நடந்தது. அப்பா ஒரு லொறியில், இஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டைக் கழற்றிப் பூட்டியிருந்தார். மறுநாள் பாரத்தோடு புறப்பட்ட வண்டி சாவகச்சேரி தாண்டியதும் நின்றுவிட்டது. போல்ட்டுகள் கழன்று தண்டு றோட்டில் விழுந்துவிட்டதாகச் சாரதி சொன்னார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறித் திரும்பி வந்தார். கத்தரிக்காயும் பயற்றங்காயும் வெயிலில் கிடந்து அவிந்தன. அப்பா இறுக்கவில்லை என்று அவர் நேராகச் சொல்லியிருந்தால், இல்லை என்று அப்பாவும் நேராகச் சொல்லியிருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. சந்தைக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு சிரிப்போடு ஒரு வசனம் சொன்னார்.

"பாவம், நல்ல மனுசன். ஆனால் அவர் பூட்டின போல்ட் ஆனையிறவு தாண்டாது."

குடாநாட்டை விட்டு லொறி வெளியே போகும் வாசல் ஆனையிறவு. ஆகவே அந்த வசனம் சாரதிமாருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு கிழமைக்குள் சந்தையில் எல்லாரும் சொன்னார்கள். கதவுப் பூட்டு கழன்றாலும், செருப்பு வார் அறுந்தாலும் அதைச் சொன்னார்கள். ரியூசனில் என் பேனா மூடி கீழே விழுந்தபோது பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன், "உங்கடை அப்பா பூட்டினதோ?" என்று கேட்டான். கராஜ்காரர் அப்பாவை நிறுத்தவில்லை. வேலைதான் வரவில்லை. வருகிற சாரதி எல்லாரும், "அவர் தொடவேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். சில மாதங்களுக்குப் பிறகு அப்பா ஸ்பனர்கள் கிடந்த தன் ஆயுதப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்தினார். சந்தைக்குப் போவதை விட்டார். சாரதிமார் கூடும் எந்த இடத்துக்கும், கோயில் திருவிழாக்களுக்குக்கூடப் போவதை விட்டார். "நான் இறுக்கினனான்" என்று ஒரே ஒரு முறை அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதன் பிறகு அந்தக் கதை வீட்டில் எடுக்கப்படவில்லை.

பழிவாங்குவதற்காகத்தான் வாகனத் தொழில்நுட்பம் படித்தேன் என்று எழுதினால் அது சினிமாக் கதையாகிவிடும். எனக்கு இயந்திரங்கள் பிடிக்கும், அதனால் படித்தேன். ஆனால் களஞ்சியத்தில் வேலைக்குக் கேட்டுப் போனபோது, வாசலில் ஒரு லொறியின் பானட்டுக்கு விபூதி பூசிக்கொண்டு நின்ற மனிதரைக் கண்டேன். அடையாளம் தெரிந்ததும் முதலாளி சொன்ன முதல் சம்பளத்துக்கே தலையாட்டினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அவருக்கு என்ன செய்யலாம் என்று ஒழுங்காகவே யோசித்தேன். முதலாவது, வேலையை விட்டு நிறுத்தச் செய்வது. அது சுலபம், ஆனால் அவர் அடுத்த வாரமே வேறு லொறியில் ஏறிவிடுவார். இரண்டாவது, எல்லாருக்கும் முன்னால் அவமானப்படுத்துவது. அது ஒரு நாளோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு நடந்தது ஒரு நாளோடு முடியவில்லை. மூன்றாவது என்று எதுவும் தோன்றவில்லை. ஆகவே காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் அவருடைய வண்டியை மற்ற எல்லா வண்டிகளையும்விடக் கவனமாகப் பார்த்தேன். சந்தேகம் இருந்த ஒரு நாளும் அதை றோட்டில் விட்டதில்லை. அவர் ஒரு விபத்தில் சிக்குவது எனக்கு எந்த வகையிலும் போதாது.

அவர் ஏன் பொய் சொல்கிறார் என்பதுதான் விளங்கவில்லை. சோம்பேறி அல்ல, ஓடுகிற நாட்களில் மற்ற எல்லாரையும்விட நன்றாக ஓடுவார். குடிப்பதில்லை. வேறு யாருக்கும் களவாகப் பாரம் ஏற்றுவதில்லை. பழுது சொன்ன அன்றே பின்னேரம் வெள்ளை வேட்டியோடு எங்கோ போவார், மறுநாள் கண் சிவந்து, ஆனால் மிகவும் சந்தோசமாக வந்து, "இண்டைக்கு வண்டி பறுவாயில்லை, தங்கச்சி" என்பார். இன்னொரு குடும்பம் இருக்கும் என்று மூட்டை ஏற்றுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் பின்னேரம் அம்மா அளவெட்டியில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அன்று காலை அந்த லொறிக்குக் கியரில் 'இழுவை'. நான் அதற்கு அடியில் அரைநாள் படுத்துவிட்டு எண்ணெய் மணத்தோடுதான் போனேன். வெளி வீதியில் மேளச் சமா தொடங்கியிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பெரிய திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் சாமிக்கு முன்னால் வாசிப்பதோடு நின்றுவிடமாட்டா. பல கூட்டு மேளகாரரை, அதாவது பல குழுக்களை, அழைத்து, வரிசையாக இருத்தி, மணிக்கணக்காக வாசிக்க விடுவார்கள். அதற்கென்றே ஊர் ஊராகத் திரியும் ஆட்கள் இருக்கிறார்கள். மணலில் முன்வரிசை பிடிக்க அவர்கள் வெயில் தாழும் முன்பே வந்துவிடுவார்கள்.

அந்த முன்வரிசையின் நடுவில் எங்கள் சாரதி இருந்தார். சால்வையை இடுப்பில் கட்டி, சம்மணம் போட்டு, வலக்கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இளந்தவில்காரர் ஒருவர் ஒரு கணக்கை நீட்டி, விழுந்துவிடுவாரோ என்று எல்லாரும் பார்த்திருக்கச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்தார். சாரதி இரண்டு கையையும் தூக்கி, "ஆகா! இதுக்குத்தான்ரா வந்தனான்!" என்று சத்தம் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவரின் முதுகில் தட்டினார். அத்தனை சந்தோசமான ஒரு மனிதரை நான் அண்மையில் பார்த்ததில்லை.

அம்மா என் பக்கத்தில் நின்று அவரையே பார்த்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "அந்த வருசம் லொறி நிண்டதும் இவங்கடை கோயில் பூங்காவனத்தண்டுதான். நான் அண்டைக்கு யோசிக்கேல்லை" என்றார்.

திருவிழா முடிவில், தீர்த்தத்துக்கு அடுத்த நாள் வரும் பூங்காவனத்தன்றுதான் மேளச் சமா மிகப் பெரிதாக நடக்கும். நான் அந்த மணலில் நின்றபடி விசயத்தை வரிசைப்படுத்தினேன். அவருக்கு அப்பா மீது பகை இருந்திருந்தால் ஒருவேளை எனக்கு ஆறியிருக்கும். பகை இல்லை. பின்னேரத்துக்கு ஊர் திரும்ப வேண்டியிருந்தது, வண்டி நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிட்ட இருந்த காரணம் அப்பா. அவ்வளவுதான். ஒரு தவிலுக்காக என் அப்பாவின் கை கெட்ட கையானது. கலையை இவ்வளவு நேசித்த மனிதரை மன்னித்துவிடலாமே என்று பிறகு ஒரு சினேகிதி சொன்னாள். அவளுடைய அப்பா பம்பு திருத்தவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை சுலபமானது. சுவர்களில் ஒட்டியிருக்கும் திருவிழா நோட்டீசைப் படித்தாலே போதும், எந்த நாள் எந்தப் பழுது வரும் என்று ஊகிக்கலாம். அடுத்த பெரிய மேளத்துக்கு முதல்நாள் பின்னேரம் லொறியை நானே முழுவதும் பார்த்தேன். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும், அது பூட்டியிருக்கும் இரும்பின் மீதும் சேர்த்து வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு முறியும். மறுநாள் காலை அவர் போனில் சொல்லாமல் நேரிலேயே வந்தார். குறையும் பெரிது.

"பிறேக் பிடிக்கேல்லை, தங்கச்சி. பெடல் அடிவரைக்கும் போகுது."

பிறேக் என்று சாரதி சொன்னால் எந்த முதலாளியும் வாய் திறக்கமாட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி வண்டித் திறப்பை வாங்கி, ஏறி, மூட்டைகளோடு வண்டியை வெளியே எடுத்தேன். சந்தி வரை போய்த் திரும்பி வந்து, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வேகத்தைக் கூட்டி, ஒரே மிதியில் நிறுத்தினேன். வாசலில் நின்ற கோழி ஒன்று மட்டும் பறந்தது. கடைக்குள் இருந்த சாரதிமார் கைதட்டினார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "அண்ணை, மிஸ்ஸின்ரை காலுக்குப் பெடல் சொல்வழி கேக்குது. உன்ரை காலைத்தான் கராஜிலை விடோணும்!" என்று கத்தினார்.

அவரை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். வெள்ளைக் கோடுகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் முறியவில்லை என்றேன். அளவெட்டியில் அவரைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேளம் எண்டால் எனக்கு ஒரு விசர், தங்கச்சி. முதலாளி அதுக்கு லீவு தருவாரே? சிரிப்பார்" என்றார்.

"அந்த வருசம் சாவகச்சேரியிலை தண்டு விழுந்ததும் மேளத்துக்குத்தானே, அண்ணை? ஒரு கூட்டு மேளத்துக்காக."

"ஒரு கூட்டோ? ஆர் சொன்னது? நாலு கூட்டு! இணுவில் தவில்காரர் வந்தவை. அப்பிடியொரு சமா..." என்று எழும்பியவர், பாதியில் நிறுத்திவிட்டார். மேளத்தைக் குறைத்துச் சொன்னால் அவரால் பொறுக்க முடியாது என்பதை நான் எண்ணித்தான் கேட்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். முதல் நாள் பதில் கிடைக்காத கேள்வியை அவர் இப்போது திரும்பக் கேட்கவில்லை. "கண் அப்பிடியே கொப்பரின்ரை கண்" என்று அப்பாவைச் சொன்னார். பிறகு, "நான்தான் கழட்டினனான், பிள்ளை. றோட்டுக் கரையிலை நிப்பாட்டிப்போட்டு, ஸ்பனராலை. மற்ற ஆக்கள் அந்தக் கதையை இவ்வளவு நாள் கொண்டு திரிவினம் எண்டு நினைக்கேல்லை" என்றார்.

"நீங்கள் சொன்ன கதை, அண்ணை."

"முதலாளிட்டைச் சொல்லப்போறீரோ?"

"இல்லை."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு முடியும் வரை காத்திருந்து, என் நிபந்தனைகளைச் சொன்னேன். அதற்குள் எனக்கு மூன்றாவது வழி கிடைத்திருந்தது. களஞ்சியத்துக்கு, புறப்படும் முன் எல்லா லொறிகளையும் பார்த்து விடுகிற ஒரு மெக்கானிக் வேண்டும் என்று முதலாளி தேடிக்கொண்டிருந்தார். சாரதி போய் முதலாளியிடம் என் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும், "நல்ல கை" என்ற அதே வார்த்தையோடு. பிறகு தேத்தண்ணிக் கடையில், அந்த வசனத்தைச் சொன்ன அதே இடத்தில், போல்ட்டைக் கழற்றியது யார் என்று சொல்ல வேண்டும். கடைசியாக, அப்பா பார்த்து விட்ட வண்டியை ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஆனையிறவைத் தாண்டியதும் எனக்குப் போன் எடுத்து, "ஆனையிறவு தாண்டிட்டன்" என்று சொல்ல வேண்டும்.

"எத்தினை நாளைக்கு?" என்று கேட்டார்.

"இஞ்சை லொறி ஓட்டும் மட்டும்."

அவர் செய்தார். தேத்தண்ணிக் கடையில் சொன்ன அன்று நானும் போய் ஒரு மூலையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி முடித்ததும் கோப்பைகள் மேசைகளில் இறங்கின. பிறகு ஒரு கிழட்டுச் சாரதி, "அப்ப இவ்வளவு நாளும் அந்த மனுசனுக்கு நாங்கள் சிரிச்சது?" என்றார். யாரோ வாயால் தவில் அடித்துக் காட்டினார்கள். அதன் பிறகு அவருடைய லொறி சந்தைக்குள் நுழைந்தால் நாலு பக்கமும் வாயால் மேளம் கேட்கும். அதை நிறுத்தும்படி நான் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்பாவை இணங்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விடு பிள்ளை. அவனுக்கும் குடும்பம் கிடக்கு. நான் இறுக்கினனான் எண்டு எனக்குத் தெரியும். அது காணும்" என்றார்.

"எனக்குக் காணாது, அப்பா."

இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஆயுதப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்பனராக எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அப்பா களஞ்சியத்துக்கு வந்த பிறகு நான் மிகவும் விரும்பிய காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்ப்பதற்காகவே யன்னல் பக்கம் மேசையைத் திருப்பிப் போட்டேன். சாரதி திறப்பைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுப்பார். பிறகு ஒதுங்கி நிற்பார். அப்பா அவசரப்படமாட்டார். ஒவ்வொரு சில்லாகக் குந்தியிருந்து பார்ப்பார், அடியில் போய்ப் படுப்பார், நட்டுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். சாரதி அவ்வளவு நேரமும் வெயிலில் நிற்பார். இருக்கச் சொல்லி அப்பா ஒரு வாங்கைக் காட்டியிருக்கிறார், அவர் இருந்ததில்லை. முடித்ததும் அப்பா திறப்பைத் திரும்பக் கொடுத்து, "போகலாம், தம்பி" என்பார். அந்த "தம்பி" உண்மையான தம்பியாகவே கேட்கும். அப்பாவின் குரலில் ஒரு துளி விசமும் இருக்காது. எனக்கு அதுதான் குறையாக இருந்தது. பின்னேரம் போன் வரும். "ஆனையிறவு தாண்டிட்டன்." "சரி, அண்ணை" என்று வைப்பேன். ஒரு முறைகூட அலுத்ததில்லை. அப்பாவுடைய பங்கையும் நானே சேர்த்து அனுபவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருசம் அவருடைய ஊர்க் கோயில் பூங்காவனத்தன்று தம்புள்ளைக்கு அவருடைய லொறியைப் போட்டேன். தற்செயலாக அல்ல. அவர் லீவு கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் கேட்கவில்லை. மூட்டைகள் ஏற்றி முடிந்தது. வண்டியை இயக்கியவர் உடனே தலையை வெளியே நீட்டினார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"தங்கச்சி! கிளச் மிதி கீழை போய்க் கிடக்கு. திரும்பி வருகுதில்லை. சத்தியமாய், வந்து பாரும்!"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். மிதியை அமுக்கியதும் செத்த நாக்குப்போலக் கீழேயே கிடந்தது. குனிந்து பார்த்தேன். கிளச்சைத் தள்ளும் சின்னச் சிலிண்டரில் இருந்து எண்ணெய் வடிந்து நிலம் நனைந்திருந்தது. உள்ளே இருக்கும் இறப்பர் போய்விட்டது. அந்த அளவு இறப்பர் கடைகளில் எப்போதும் கிடைக்காது. சில வேளை கொழும்பில் இருந்துதான் வரவேண்டும். அவர் ஏற்கெனவே கீழே இறங்கிச் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார். இத்தனை பொய்ப் பழுதுகளுக்குப் பிறகு கடவுள் அவருக்கு ஓர் உண்மையான பழுதைக் கொடுத்திருந்தார், அதுவும் பூங்காவனத்தன்று. மூட்டை ஏற்றுகிறவர்களில் ஒருவன், "அண்ணைக்கு இந்தமுறை முருகனே கழட்டி விட்டிருக்கிறார்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்பா வந்து பார்த்தார். போய்த் தன் பெட்டியைத் திறந்தார். ஒரு சிறிய பொலித்தீன் பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்த இறப்பர் புதிதாக இருந்தது.

"போன பயணத்திலையே கொஞ்சம் ஈரம் கண்டனான்," என்றார் என்னிடம். "தேடி வாங்கி வைச்சனான்."

கண்ட அன்றே மாற்றியிருக்கலாம். அப்பா பழுதைக் கண்டுவிட்டுத் தள்ளிப்போடுகிற ஆள் அல்ல. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிலிண்டரைக் கழற்றி, கழுவி, இறப்பரை மாற்றிப் பூட்டினார். அதற்குப் பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, மற்றவர் மேலே இருந்து மிதியை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் ஏறப் போனேன். அப்பா கையால் தடுத்தார்.

"நீ நில். தம்பி, நீ ஏறு."

அவர் ஏறினார். அடியில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "மிதி. பிடி. விடு." எண்ணெயோடு காற்றுக் குமிழி வெளியே வந்தது. "மிதி. பிடி. விடு." பிடிக்க வேண்டிய நேரத்தில் ஒருகணம் முந்திக் காலை எடுத்தால் போதும், வெளிக்காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். அப்படி நாலைந்து முறை செய்தால் வெயில் சாய்ந்துவிடும், பாரம் நாளைக்குப் போகும். இது அவருக்கும் தெரியும், கீழே படுத்திருந்த அப்பாவுக்கும் தெரியும். நான் கதவருகே நின்று அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு முறையும் பிந்தவில்லை, முந்தவில்லை. தாளம் தெரிந்த மனிதர். அவரால் பிழையாக விட முடியவில்லை.

"இண்டைக்குப் பூங்காவனம் என்ன, தம்பி?" என்று அடியில் இருந்து அப்பா கேட்டார்.

மிதி மீது கால் நின்றது. "ஓம், அண்ணை."

"ஆர் தவில்?"

அவர் சொன்னார்.

"நல்ல கூட்டு," என்றார் அப்பா. "பிடி. பிடிச்சுக்கொண்டிரு. இப்ப விடு."

திருகாணியைக் கடைசியாக இறுக்கும் சத்தம் கேட்டது. அப்பா வெளியே வந்து, எழும்பி, மிதியைத் தன் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். அது துள்ளி மேலே வந்தது. திறப்பைச் சாரதியின் கையில் வைத்து, அவருடைய விரல்களை அதன் மீது மூடிவிட்டார். அத்தனை மெதுவாக.

"போகலாம், தம்பி."

லொறி வாசலைத் தாண்டி, சந்தியில் திரும்பி மறையும் வரை அப்பா நின்று பார்த்தார். பிறகு சவர்க்காரத் தூளைக் கையில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "அம்மாவை வெளிக்கிடச் சொல்லு. பின்னேரம் பூங்காவனத்துக்குப் போவம்" என்றார்.

அப்பா திருவிழா ஒன்றுக்குப் போய் எத்தனையோ வருசம். வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்தவர், எங்களோடு ஓரத்தில் நிற்கவில்லை. மணலில் இருந்தவர்களை விலத்திக்கொண்டு நேரே முன்வரிசைக்குப் போனார். நடுவில் ஓர் ஆள் இருக்கும் அளவு இடம் வெறுமையாகக் கிடந்தது. யாருக்கோ பிடித்துவைத்த இடம் என்று பார்த்தாலே தெரியும். அப்பா அதில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பி, "ஐயா, இது எங்கடை லொறிக்காரற்றை இடம். ஒரு வருசமும் தப்பவிடமாட்டார். இண்டைக்கு ஏன் இன்னும் காணேல்லை?" என்று கேட்டார்.

அப்பா சால்வையை மடித்து மடியில் வைத்தார்.

"வண்டியிலை ஒரு பிழையும் இல்லை," என்றார். "அதாலை போயிட்டார்."